ஏழாவது படம்

முதுநகர்
2.9.2024

தம்பி செல்வத்துக்கு அக்கா பவானி எழுதுவது.

நாலு தடவை போன் போட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அதனால்தான் தபால். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. சௌக்கியமா என்று கேட்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஸ்டூடியோவில் அலமாரிக்குள் சும்மா கிடக்கிறதே பழைய கேமரா, அது எனக்கு ஒரு மாதத்துக்கு வேண்டும்.

உன் மச்சான் போய் எழுபத்திரண்டு நாள் ஆகிறது. போட் இஞ்சின் ரிப்பேர் செய்கிற மனுஷனுக்கு வானத்தில் என்ன வேலை என்று ஹார்பரில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மூன்று வருஷமாக அவர் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றியவள் நான். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகர்ந்துவிடும், அது நகர நகர நாமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு என் பழைய தையல் மெஷின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார்.

அவர் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே விஷயம்தான். வால்நட்சத்திரம். செப்டம்பர் 27-லிருந்து அக்டோபர் 2 வரை, கிழக்கே, காலை நாலே முக்காலுக்கு மேல். அதன் கீழே, 'படம் எடுக்கணும்' என்று இரண்டு கோடு போட்டிருக்கிறார். போனால் நம் ஆயுசில் அது திரும்பாதாம்.

அந்தப் படத்தை நான் எடுக்கப்போகிறேன். டெலஸ்கோப் என்னிடம் இருக்கிறது. கேமரா உன்னிடம் இருக்கிறது.

அக்கா
பவானி


சிதம்பரம், மேலவீதி
6.9.2024

அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டது நடக்கிற காரியம் இல்லை. அதை விளக்குவது என் கடமை.

முதலில், அது சும்மா கிடக்கும் கேமரா இல்லை. சீசனில் இரண்டாவது கேமராவாக ஓடுகிறது. இரண்டாவது, கல்யாணத்தில் போட்டோ எடுப்பதே எட்டு வருஷம் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குக் கை வந்தது. நீங்கள் பட்டன் போன் வைத்திருப்பவர். மூன்றாவது, மச்சான் அந்த டெலஸ்கோப் குழாயை நாலு விரற்கடை அறுத்துவிட்டார். கேமராவை மாட்டினால் பிம்பம் குழாய்க்கு உள்ளேயே விழுகிறது, குழாயைக் குறைத்தால்தான் வெளியே வரும் என்று அவராகக் கணக்குப் போட்டார். அறுக்காதீர்கள் என்று சொன்னேன். ஆக்சா பிளேடை எடுத்தவர் நிறுத்தவில்லை. அது இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ.

நான்காவதாக ஒன்று உண்டு. கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடியை நான் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்குப் புடவை போடுவது தம்பியின் முறை. நூறு பேர் பார்க்க, "எடுத்துக்கிட்டுப் போ" என்று சொன்னீர்கள். அந்தப் புடவை இன்னும் பீரோவில் மடித்தபடி இருக்கிறது. கோடியைத் திருப்பி அனுப்பிய வீட்டுக்குள் கேமரா மட்டும் நுழையலாமா?

இப்படிக்கு,
செந்தமிழ்செல்வன்


முதுநகர்
9.9.2024

தம்பி,

நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன் என்னை 'நீங்கள்' என்று எழுதுகிறான். ராபர்ட் அண்ணன் கேட்டுச் சிரிக்கிறார். உன் மச்சானோடு ஹார்பரில் வேலை பார்த்தாரே, அவர்தான். டெலஸ்கோப் இரும்புக் காலை மாடிக்கு ஏற்ற வந்திருந்தார். "கவருமெண்டு ஆபீசுலேர்ந்து லெட்டர் வந்துருக்குதா தங்கச்சி?" என்றார்.

கோடியை ஏன் திருப்பி அனுப்பினேன் என்று உனக்குத் தெரியாதா? வைகாசியில் உன்னிடம் இதே கேமராவைக் கேட்டு வந்தாரே. போகும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்து பின்பக்கம் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். அப்புறம் மண்ணெண்ணெய் கேட்டார். அப்புறம் திரும்பவும் சோப்பு.

"இன்னாத்துக்கு இப்படித் தேய்க்கிறீங்க?" என்றேன்.

"டீசல் வாடை போவலை."

"முப்பது வருஷமா போவலை, இன்னிக்குத்தான் போவப்போவுதா?"

சிரித்தார். திரும்பவும் சோப்பை எடுத்தார். நீ சொன்னதை அவர் செத்த பிறகு ராபர்ட் அண்ணன்தான் சொன்னார். "டீசல் கையால இதத் தொடாதீங்க மச்சான்" என்று கடையில் ஆட்கள் இருக்கும்போது சொன்னாயாம். மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார். நீ சொன்னதால் போனார் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சு நின்றுபோவதற்குக் காரணம் கேட்டால் டாக்டருக்கே தெரியவில்லை. ஆனால் அந்தக் கையை எரித்த பதினாறாம் நாள் உன் கையால் புடவை வாங்க என்னால் முடியவில்லை.

சரி, அது போகட்டும். டெலஸ்கோப் என்ன நிலையில் இருக்கிறதோ என்று கேட்டாய். நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று வருஷமாக அந்தக் கண்ணாடியை அவர் துடைக்கவே இல்லை, அவ்வளவு தூசி. போன வெள்ளிக்கிழமை குழாய்க்குள் கையை விட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியை அம்மா துடைப்பாளே, அதேபோலத் திருநீறு போட்டு அழுத்தித் தேய்த்துப் பேப்பரால் துடைத்தேன். பளபளவென்று இருக்கிறது.

கேமரா எப்போது வரும்?

பவானி


சிதம்பரம்
12.9.2024

அக்கா!

என்ன காரியம் செய்தாய்? திருநீறா? டெலஸ்கோப் கண்ணாடிக்கா?

சுவரில் மாட்டுகிற கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. டெலஸ்கோப்பில் ரசம் முன்பக்கம், மேலாக, ஊதினால் போகிற மாதிரி மெல்லிசாக இருக்கும். அதனால்தான் மச்சான் துடைக்காமல் வைத்திருந்தார். தூசி இருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. கீறினால் போச்சு. திரும்ப ரசம் பூச வெளியூர் அனுப்ப வேண்டும், வர மாதக் கணக்காகும். உன் வால்நட்சத்திரம் அதுவரைக்கும் நிற்காது.

உடனே ஒன்று செய். கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார். புகை மூட்டம் மாதிரித் தெரிகிறதா, கோடு கோடாகவா, எவ்வளவு தூரம் என்று எழுது. கையால் தொடாதே. எதையும் போட்டுத் துடைக்காதே. ஆத்திரத்தில் புளி கிளி போட்டுவிடப் போகிறாய்.

டீசல் கை விஷயம் நான் சொன்ன அர்த்தத்தில் மச்சான் எடுத்துக்கொள்ளவில்லை. சென்சார் மேல் எண்ணெய் பட்டால் கேமரா கெட்டுவிடும் என்பதற்காகச் சொன்னது. தொழில் தெரிந்தவன் யாராக இருந்தாலும் சொல்வான்.

செல்வம்


முதுநகர்
17.9.2024

தம்பி,

உன் லெட்டரைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர் மூன்று வருஷம் விரல் படாமல் காத்ததை நான் ஒரு மத்தியானத்தில் தேய்த்துவிட்டேன். சத்துணவுக் கூடத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள், பாவம்.

மறுநாள் அவர் ஸ்பானர் டப்பாவை எடுத்தேன். அடிப்பக்கம் மூன்று நட்டு. கழற்றினேன். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன். பாதிக் கண்ணாடி, தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கின மாதிரிக் கோடும் புகையுமாக இருக்கிறது. மற்ற பாதி அப்படியே இருக்கிறது, தூசியோடு. குழாய்க்குள் கையை விட்டதால் எட்டின பக்கம் மட்டும் தேய்த்திருக்கிறேன். என் கை இன்னும் அரைச் சாண் நீளமாக இருந்திருந்தால் முழுசும் போயிருக்கும்.

அப்புறம் யோசித்தேன். வீட்டில் ஒரு பக்கம் கருகின தோசையை நாம் தூக்கியா போடுகிறோம்? கருகினதைப் பிய்த்துவிட்டு மற்றதைத் தின்கிறோம்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டி, கெட்ட பக்கத்துக்கு நேராகக் குழாயின் வெளியே சுண்ணாம்பால் கோடு போட்டேன். நேற்று நிலா பெரியதாக இருந்தது. முதலில் சும்மா பார்த்தேன். பால் சட்டியில் ஆவி பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் கிழிந்த குடைத் துணியை மடித்து, குழாயின் வாயில் அந்தப் பக்கம் மட்டும் மூடிக் கட்டினேன். பார்த்தேன். நிலாவில் பள்ளம் பள்ளமாக, ஓரம் கத்தி வைத்து வெட்டின மாதிரித் தெரிகிறது. வெளிச்சம் கம்மிதான். ஆனால் தெளிவு.

செல்வம், இது கேட்பது இல்லை, சொல்வது. கேமராவை அனுப்பு. நீ தராவிட்டாலும் 27-ந் தேதி நாலரை மணிக்கு நான் மாடியில் இருப்பேன். படம் இல்லாமல் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கினேன் என்றால் அது உன்னால்தான்.

தொழில் தெரிந்தவன் யாராக இருந்தாலும் சொல்வான் என்று எழுதினாய். அவரும் தொழில் தெரிந்தவர்தான்.

பவானி


சிதம்பரம்
21.9.2024

அக்கா,

குடைத் துணி விஷயத்தை நாலு தடவை படித்தேன். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, 23-ந் தேதி, பதினோரு மணிக்கு முதுநகர் ஸ்டாப்பில் நில். எனக்குத் தெரிந்த கண்டக்டர் பொன்னுரங்கம் உன் கையில் ஒரு பை கொடுப்பார். கேமராவும், டெலஸ்கோப்பில் மாட்டுகிற வளையமும், ஒயரும் இருக்கின்றன. இந்த லெட்டரும் அதே பையில்தான் வரும், தபாலை நம்பவில்லை. ஆனால் நீ முன்னாலேயே போய் நிற்க வேண்டுமே என்று நாளையும் நேரத்தையும் மட்டும் ஒரு கார்டில் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

எல்லா எண்களையும் நானே வைத்து, திருகும் இடத்திலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். பிரிக்காதே. நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் ஒரு பெரிய நட்சத்திரத்துக்குத் திருப்பு. பின்பக்கத் திரையில் அது கடுகு மாதிரிச் சிறுக்கிற வரைக்கும் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்து. சிறுத்ததும் அங்கேயும் ஒரு பிளாஸ்திரி. அப்புறம் வால்நட்சத்திரத்துக்குப் போ. ஒயரின் நுனியில் பொத்தான் இருக்கிறது. அமுக்கு, ஐந்து எண்ணு, விடு. அந்த ஐந்து எண்ணும் நேரம் சக்கரம் சீராகப் போக வேண்டும். அதற்கு மோட்டார் வைப்பார்கள். உன்னிடம் மோட்டார் இல்லை.

இன்னொன்று. போன லெட்டரில் நான் சென்சார் என்று எழுதினேன். பொய். அன்று கல்யாண ஆல்பம் வாங்க ஒரு பெரிய வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். மச்சான் அவர்கள் நடுவில் வந்து, "மாப்ள, அந்தப் பழசக் குடேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் சொன்னேன். அவர், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போகிறவரை பின்னாலேயே வைத்திருந்தார்.

இதைக் கருமாதி அன்றே சொல்லியிருந்தால் நீ அடித்திருப்பாய். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி போன் பண்ணு, எடுக்கிறேன்.

செல்வம்


முதுநகர்
28.9.2024

தம்பி,

போன் வேண்டாம். போனில் நீ நடுவில் நடுவில் பேசுவாய். எழுதினால்தான் நான் முழுசாகச் சொல்ல முடிகிறது.

நேற்று மேகம். ஒன்றும் இல்லை.

இன்று வானம் திறந்திருந்தது. அவர் சிவப்புப் பெயின்ட்டால் மாடித் தரையில் போட்ட மூன்று புள்ளிகளில் டெலஸ்கோப்பின் இரும்புக் காலை நிறுத்தினேன். அங்கே நிறுத்தினால்தான் சக்கரம் வடக்குக்குச் சரியாக இருக்கும். நட்சத்திரத்தைக் கடுகாக்கினேன், பிளாஸ்திரி ஒட்டினேன். நாலு ஐம்பதுக்குக் கடலுக்கு மேலே அது வந்தது. கண்ணுக்கே தெரிந்தது செல்வம். மூச்சுவிட்ட மாதிரி ஒரு வெள்ளை.

ஆனால் பொத்தானை அமுக்கி நான் சக்கரத்தைத் தொட்டதும் குழாய் குடைசாய்ந்துவிட்டது. கேமராவின் கனம். பிடித்து நிமிர்த்தினால் வால்நட்சத்திரம் திரையில் இல்லை. தேடிப் பிடித்தால் திரும்பவும் சாய்கிறது. இப்படியே விடிந்துவிட்டது. எட்டுப் படமும் கோணல் மாணல் கோடுகள்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ராமாமிர்தம் முகம் கழுவ வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏ பவானி, விடியக்காலையில நீ மாடில நின்னா நான் யாரு மொகத்துல முழிக்கிறது?" என்றாள். தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாதாம்.

"கெழக்கால திரும்பி முழி. வாலு வச்ச நட்சத்திரம் ஒண்ணு இருக்குது" என்றேன்.

"அய்யய்யோ, அதப் பாக்கவே கூடாதுடி. அது வந்துதான் உன் வீட்டுக்காரரக் கொண்டுக்கினு போயிருக்குது."

"அவரு ஆனி மாசமே போயிட்டாரு. இது புரட்டாசில வருது. மூணு மாசம் லேட்டா வந்தது மேல எதுக்குடி பழி போடுற?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் உட்கார்ந்து குழாயை விரல் மேல் வைத்துப் பார்த்தேன். மறுபக்கம் கனம் வேண்டும். இஞ்சின் நட்டு இரண்டு பெரியது இருந்தது. சேலைக் கிழிசலில் முடிந்து கட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, கையை விட்டால் குழாய் அப்படியே நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். இன்னும் நாலு காலை இருக்கிறது.

பவானி


சிதம்பரம்
30.9.2024

அக்கா,

தனியாக நின்று கஷ்டப்படாதே. உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். நீ கூப்பிடாமல் அந்தப் படி ஏற எனக்கு முகம் இல்லை. கூப்பிடுவாயா?

செல்வம்


முதுநகர்
2.10.2024

தம்பி,

உன் கார்டு இன்று ராபர்ட் அண்ணன் கையில் வந்தது. நேற்று மாலையே தபால்காரர் அவர் வீட்டில் கொடுத்திருக்கிறார். அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

29-ம் தேதி மேகம். 30-ம் தேதி பனி பெய்து கண்ணாடியெல்லாம் ஈரம். அதைத் துடைக்கவில்லை, பயப்படாதே. விசிறியால் விசிறினேன், காய்வதற்குள் விடிந்துவிட்டது. அன்று இறங்கி வந்து அவர் நோட்டை மூடிப் பரணில் போட்டுவிட்டேன். போதும் என்றிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறித் திரும்ப எடுத்தேன்.

நேற்று, ஒன்றாம் தேதி. விசிறியை முன்னாலேயே எடுத்துப் போனேன். நாலு நாற்பதுக்கு எல்லாம் தயார். குடைத் துணி, நட்டு, பிளாஸ்திரி. அது மேலே வந்ததும் இடது கையில் பொத்தான், வலது கையில் சக்கரம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. விடு. திரும்ப ஒன்று. அவர் எப்போதும், "அவசரப்படாத, மாவு அரைக்கிற மாதிரி போ" என்பார். அப்படியே போனேன். அழவில்லை. அழுதால் சக்கரம் ஆடும்.

பத்தொன்பது எடுத்தேன். அதற்கப்புறம் வானம் வெளுத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மாடிப் படியில் ராமாமிர்தம். வாசலில் கோலம் போட வந்தவள், மாவுக் கையோடு ஏறி வந்திருக்கிறாள். "எங்க, காட்டு பாப்பம்" என்றாள். திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இதுவா? தொடப்பத்த நட்டு வச்சாப்பல இருக்குது. இதுக்குப் போயா இவ்ளோ பயந்தேன்?" என்றாள். போகும்போது, "காப்பி வச்சு எடுத்தாறேன், நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னத் திரையில் எனக்கு நல்லது கெட்டது தெரியவில்லை. கேமராவுக்குள் படம் பதிகிற அட்டையைக் கழற்றி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பொன்னுரங்கம் அண்ணன் கொண்டுவருவார். ஒன்றாவது தேறுகிறதா என்று பார்த்துச் சொல். என் மனசுக்காகச் சொல்லாதே. கெட்டது என்றால் கெட்டது என்று எழுது.

பவானி


சிதம்பரம்
5.10.2024

அக்கா,

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

ஒன்றாம் தேதி எடுத்த பத்தொன்பதில், முதல் மூன்றில் அது ஓரமாகப் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நாலு, ஐந்து, ஆறில் கொஞ்சம் ஆட்டம். எட்டிலிருந்து பதினாலு வரை ஏதோ காற்று, எல்லாம் இரட்டை. அப்புறம் உள்ளவை வெளுத்துவிட்டன.

ஏழாவது படம்.

தலை பஞ்சு விதை மாதிரி. அதிலிருந்து வால் நேராக மேலே போய் விரிகிறது. சுற்றிலும் இருக்கிற நட்சத்திரம் ஒன்றுகூட இழுபடவில்லை, ஊசிக் குத்தாக நிற்கிறது. பாதிக் கண்ணாடி. தையல் மெஷின் சக்கரம். கையால் சுற்றியது. சொன்னால் எவனும் நம்ப மாட்டான். நான் இருபது வருஷமாகக் கேமரா பிடிக்கிறேன், அக்கா. என்னால் இது முடியாது.

வீட்டுக்காரி வந்து, "ஏன் லைட்டப் போடாம உக்காந்திருக்கீங்க?" என்றாள். படத்தைக் காட்டினேன்.

நான் ஒன்று நினைத்திருக்கிறேன். பெரியதாகப் பிரிண்ட் போட்டு, ஸ்டூடியோவில் வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுகிறேன். கீழே, 'அமரர் சி. காத்தவராயன், முதுநகர், எடுத்த வால்நட்சத்திரம்' என்று போட்டு, சந்தன மாலை ஒன்று சாத்துகிறேன். நான் அவருக்குச் செய்த குற்றத்துக்கு அதையாவது செய்கிறேன். சரி என்று எழுது, பிரேம் போடக் கொடுக்கிறேன்.

செல்வம்


முதுநகர்
8.10.2024

தம்பி,

ஏழாவது படம் தேறியது என்று படித்ததும் லெட்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

பிரிண்ட் போடு. மாட்டு. ஆனால் அவர் பெயரைப் போடாதே.

கோபித்துக்கொள்ளாதே, சொல்வதைக் கேள். அவர் எடுத்தது என்று போட்டால், பார்க்கிறவர்கள் ஆசைப்பட்டதைச் செய்துவிட்டுத்தான் செத்தார் என்று நினைப்பார்கள். அவர் செய்யவில்லை. செய்ய முடியாமல்தான் போனார். அது எனக்குத் தினமும் வலிக்கிறது. அந்த வலியை ஒரு பொய்யைப் போட்டு மூடாதே. குழாயை அறுத்தவர் அவர், சக்கரம் மாட்டியவர் அவர். அதைக் கேட்கிறவர்களுக்கு உன் வாயால் சொல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல். படத்தை எடுத்தது நான். 'கா. பவானி, முதுநகர்' என்று போடு. மாலை வேண்டாம். அது செத்தவர் படம் இல்லை, வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

உன் குற்றத்தை அவரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ள இனி வழி இல்லை. எனக்கும் அப்படித்தான், நான் சிரித்த சிரிப்பெல்லாம் இருக்கிறது. இரண்டு பேரும் சுமப்போம்.

இப்போது அடுத்த வேலை. அவர் நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறது, பன்னிரண்டாம் தேதியிலிருந்து அது சூரியனுக்கு அந்தப் பக்கம் போய், சாயங்காலம் மேற்கே தெரியுமாம். எங்கள் மாடியில் மேற்கே முழுக்கக் கட்டடம். உன் ஸ்டூடியோ மாடிக்குக் கோயில் கோபுரம் கிழக்கே போய்விடுகிறது, மேற்கே மறைப்பு இல்லை. மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் கிடைத்தால் போதும்.

சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் டெலஸ்கோப்போடு வருகிறேன். ராபர்ட் அண்ணன் ஏற்றிவிடுவார். இரும்புக் கால் கனம், இறக்க நீ பஸ் ஸ்டாண்டில் நில். வடக்கு எது என்று இப்போதே மாடியில் பார்த்துக் குறித்து வை.

பொத்தானை நீ அமுக்கு. சக்கரம் என் கையில்.

அக்கா
பவானி